கேள்விக்குறிகளை வாசித்தவர்

"கேள்விக்குறி மட்டும் வந்தா உள்ளயே விடாத மாதிரி ஒரு வழி சொல்லிக் குடுங்க, டீச்சர்" என்றார் பூபாலன்.

ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

அது புதிதல்ல. கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டால் அவள் ரிஸ்வானா இல்லை. ராமநாதபுரம் கேணிக்கரையில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் அறையில், வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுக்கிறாள் என்பதே பேச்சுக்குத்தான். கேட்டவரைக் குடைந்து குடைந்து அவர் வாயிலிருந்தே பதிலை வரவழைப்பாள். பாதிப் பேர் முதல் மாதமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பூபாலன் போகவில்லை. மஸ்கட்டில் ஓர் ஓட்டலின் கணக்கு அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டபோது, வாய்க்கு வந்தபடி வெப்சைட் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கற்றுக்கொள்ள ஆள் தேடினார்.

வயதில் அவர் மூத்தவர், பாடத்தில் அவள் மூத்தவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே குறை இல்லை.

"யாருண்ணே கேள்விக்குறி அனுப்புறது?"

"கடற்கரைக்காரங்க."

"எதுக்காம்?"

"கிண்டலுக்கு" என்றார். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இடறியது.

விஷயம் இதுதான். ஊரில் ஓர் அறக்கட்டளை பிசியோதெரபி மையம் நடத்துகிறது. பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்கள் எல்லாம் கை கால் பயிற்சிக்கு அங்கேதான் போவார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவர மையத்துக்கு ஒரு வேன் உண்டு. அந்த வேனை நிறுத்திவிடலாமா என்று செயலாளர் சந்திரகாந்தன் யோசித்துக்கொண்டிருந்தார். டீசல், டிரைவர், ரிப்பேர் என்று அவருக்கும் ஆயிரம் தலைவலி. ஆனாலும் நியாயமான மனிதர். ஜனங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

கேட்கும் வேலை பூபாலனிடம் வந்தது. மையத்தின் வெப்சைட்டில் ஒரு கருத்துப் பெட்டி வைத்துத் தரச் சொன்னார்கள். இதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் விட்ஜெட்டுகள் உண்டு. நாலு வரி கம்ப்யூட்டர் கோட் எடுத்து ஒட்டினால் போதும். திரையின் மூலையில் ஒரு பொத்தான் வந்து உட்காரும். தொட்டால் விரியும், கேள்வி கேட்கும், பதிலை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஒட்டியதோடு விட்டிருந்தால் கதையே இல்லை.

ஆனால் இது பூபாலனின் முதல் சொந்த வேலை. கை சும்மா இருக்கவில்லை. விட்ஜெட்டின் பச்சையை மையத்தின் நீலமாக மாற்றினார். ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கினார். மூலைகளை வளைத்தார். வருகிற பதில்கள் எங்கோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் போய்க் கிடப்பானேன் என்று, மையத்தின் பழைய டேட்டாபேஸிலேயே நேராக வந்து விழும்படி வழி வெட்டினார். நோயாளிகளின் பெயரையும் போன் நம்பரையும் பதிந்து வைக்க எப்போதோ யாரோ கட்டிய டேட்டாபேஸ் அது. அந்த வழி வெட்டியதில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

டிரைவர் எல்லோருடைய போனுக்கும் வெப்சைட் முகவரியை அனுப்பினார். பதில்கள் வர ஆரம்பித்தன.

டவுன்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். சேவை நன்று. ஒரு ஃபேன் ஓடவில்லை. வேனுக்குச் செய்கிற செலவில் புது மெஷின் வாங்கலாம்.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்ததெல்லாம் கேள்விக்குறி. வரிவரியாகக் கேள்விக்குறி.

செயலாளர் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாம் மெனக்கெட்டுக் கேட்கிறோம், இவர்களுக்கு விளையாட்டாக இருக்கிறது என்றார். திங்கட்கிழமையிலிருந்து வேன் வேண்டாம் என்று டிரைவரிடமும் சொல்லிவிட்டார். கேள்விக்குறிகளைக் களைந்துவிட்டு, ஒழுங்கான பதில்களை மட்டும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள் அச்செடுத்துத் தரும்படி பூபாலனுக்கு உத்தரவு. அதை வைத்துத் தீர்மானம் போடுவார்கள்.

இன்று வியாழன்.

பூபாலனுக்கு மனசு ஒப்பவில்லை. வெப்சைட்டுக்குப் படம் எடுக்க ஒரு நாள் அவர் அந்த வேனில் போயிருந்தார். வலது கை மடங்கிப்போன ஒரு மனிதர், இவருக்கு உட்கார இடம் விட்டு எழுந்து நின்றார். கிண்டல் செய்கிற முகமாக அது தெரியவில்லை.

இத்தனையையும் ரிஸ்வானா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பெட்டி சீக்கிரமா விரிஞ்சிருதோன்னு நினைச்சேன் டீச்சர். பக்கத்தைத் திறந்ததும் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னா யாருக்கும் எரிச்சல் வரும்ல. அதனால கொஞ்சம் தள்ளி வச்சேன். எழுத்தைப் பெருசாக்கினேன். நீலத்தைக் கூட வெளுத்துப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் கேள்விக்குறிதான். முன்னைக்கு இப்ப ஜாஸ்தி."

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெட்டியைத் தொட்டு விரித்துப் பார்த்தாள். கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜோடித்திருக்கிறீர்கள் என்றாள். அது பாராட்டா என்று பூபாலனுக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் இல்லை.

பிறகு கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஒன்னு வாசிங்க."

"எதை?"

"கடற்கரையில இருந்து வந்ததுல ஒன்னு."

"அதான் சொன்னேனே. வெறும் கேள்விக்குறி."

"வாசிங்கண்ணே."

பூபாலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வீட்டில் யாராவது இதைப் பார்த்தால் மஸ்கட் வெயில் இப்போதுதான் வேலை செய்கிறது என்பார்கள்.

"கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி" என்று வாசித்து, மூச்சு விட்டு, "கேள்விக்குறி கேள்விக்குறி" என்றார்.

"நடுவுல ஏன் நின்னீங்க?"

"இங்க இடம் விட்டிருக்கு."

"சரி. வாசிங்க."

வாசித்தார். இடம் விட்டிருந்த போதெல்லாம் ரிஸ்வானா பேனாவால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் போனதும் அவருடைய குரலே அந்தத் தட்டுக்கு இணங்கிப் போக ஆரம்பித்தது. நீளமாக ஒன்று வந்தது. குட்டையாக ஒன்று. மறுபடி நீளமாக இரண்டு. நடுவில் ஒரு கமா. கடைசியில் ஒரு புள்ளி.

அவர் நிறுத்தினார்.

"கிண்டல் பண்றவன் எதுக்குக் கமா போடுறான்?"

அவளைக் கேட்டதுபோல இல்லை.

அடுத்ததை அவரே எடுத்தார். அதிலும் கமா இருந்தது. அதற்கடுத்தது ஒரு பத்தி முழுக்க நீண்டது. யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சொன்ன பேச்சு. சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரிகிறது. என்ன சொற்கள் என்றுதான் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் பேசுவதுபோல இருந்தது.

"பெட்டியை வச்சதும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்தீங்களாண்ணே?"

"பாக்காம இருப்பேனா? எத்தனையோ தடவை பாத்தேன்."

"என்ன தட்டிப் பாத்தீங்க?"

பூபாலன் தான் தட்டியதை நினைத்துப் பார்த்தார்.

டெஸ்ட் என்று தட்டியிருந்தார், ஆங்கில எழுத்தில். அது போய் டெஸ்ட் என்றே விழுந்தது. மறுபடியும் டெஸ்ட். ஒரு தடவை ஆசைக்கு ஓகே என்று. அதுவும் ஆங்கில எழுத்தில்தான். தமிழில் கேள்வி எழுதினார், தமிழில் நன்றி எழுதினார், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். தமிழில் ஓர் எழுத்தாவது அதில் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்த டேட்டாபேஸ் இங்கிலீஷுக்காகக் கட்டினது" என்றார் மெதுவாக. "தமிழ் எழுத்தை வச்சுக்க அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு வச்சிருக்கு."

"ம்."

"அவங்க பதில்தான் சொல்லியிருக்காங்க, டீச்சர்."

சொன்னதும் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நாளைய கூட்டம் நினைவுக்கு வந்தது.

"இதைத் திரும்ப எழுத்தா மாத்திரலாம்ல?"

ரிஸ்வானா இல்லை என்று தலையாட்டினாள். அதில் அவளுக்கும் வருத்தம் இருந்தது. எழுதியது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. வந்து சேரும்போதே அழிந்துவிட்டது.

பூபாலன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேன் நின்றால் அது டீசலால் நிற்கப்போவதில்லை. ஜனங்கள் வேண்டாம் என்றதாலும் நிற்கப்போவதில்லை. அவர் பெருமையாக வெட்டிய வழியால் நிற்கப்போகிறது. விட்ஜெட்டை அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் எல்லாம் எழுத்தெழுத்தாக வந்து சேர்ந்திருக்கும். நாளைக்குச் செயலாளர் முன்னால் போய் என்ன சொல்வது? அவர்கள் ஏதோ சொன்னார்கள், என்னவென்று தெரியாது என்றா?

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

"நீங்க இன்னும் முழுசா வாசிக்கலையே" என்றாள் ரிஸ்வானா.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. இருந்தாலும் அந்த நீளமான பத்தியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேள்விக்குறி, கேள்விக்குறி, ஒரு தட்டு, கேள்விக்குறி, கேள்விக்குறி, ஒரு தட்டு, ஒன்பது, நாலு, நாலு.

பேனா நின்றது.

"நம்பர்" என்றார் பூபாலன்.

கேள்விக்குறிகளுக்கு நடுவே ஒரு போன் நம்பர் முழுசாகக் கிடந்தது, ஒரு கீறல் இல்லாமல். எண்களை வைத்துக்கொள்ள அந்த டேட்டாபேஸுக்குத் தெரியும். விருப்பமிருந்தால் உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள் என்று பெட்டியில் அவரேதான் ஒரு வரி சேர்த்திருந்தார். இதற்கு முன்பும் இந்த நம்பர்கள் அவர் கண்ணில் பட்டதுண்டு. குப்பையோடு குப்பையாகத் தாண்டிப் போயிருந்தார்.

ரிஸ்வானா மேசையில் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என்னன்னு பேசுறது?"

அவள் அதற்குள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். கீழே கடை வாசலில் யாரோ பைக்கை நிறுத்தியதற்காக டயர் கடைக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

பூபாலன் நம்பரை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள். தான் இன்னார், பிசியோதெரபி மையத்து வெப்சைட் வேலையைப் பார்க்கிறவர் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் எழுதுனது வந்துச்சா?"

வந்தது என்று சொல்லிவிட்டால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வரலம்மா" என்றார். "தப்பு எம்மேலதான். நான் வச்ச பெட்டியில தமிழ் விழல. எல்லாம் அழிஞ்சிருச்சு. உங்க நம்பர் மட்டும்தான் மிச்சம்."

திட்டப்போகிறாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அப்ப எங்க மேல கோவம் இல்லையா?"

"எதுக்கும்மா கோவம்?"

"நாங்க அத்தன பேரும் எழுதுனோம். ஒருத்தருக்கும் ஒரு பதிலும் வரல. திங்கக்கிழம வேன் வராதுன்னு டிரைவர் சொல்றாரு. நாமதான் ஏதோ தப்பா எழுதிட்டோம், பெரியவுகளுக்குக் கோவம் வந்திருச்சுன்னு கெடந்தோம்."

பூபாலனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் பெரிய நிம்மதியும் இருந்தது. ஆள் இருக்கிறார்கள். பேச்சு இருக்கிறது. எழுத்துத்தான் போயிற்று.

மறுபடி ஒரு தடவை சொல்ல முடியுமா, எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டார். இதுக்கென்ன என்றாள். எழுத வராது என்பதால் முதல் தடவையும் போனிடம் பேசித்தான் அனுப்பினாளாம், போனே எழுதிக்கொண்டதாம்.

அவள் பெயர் ஜெபமாலை. ஊர் கிளிஞ்சல்பட்டினம். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை செத்துக் கிடந்தது. மையத்துக்கு வர ஆரம்பித்த பிறகு டம்ளரைப் பிடிக்கிறார். போன வாரம் தன் சட்டைக்குத் தானே பித்தான் போட்டுக்கொண்டு, அதைக் காட்டத் தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார். பஸ்ஸில் வர வேண்டுமென்றால் இடையில் இறங்கி ஏற வேண்டும். அது அவரால் ஆகாது.

"வேன் நின்னா அவுக கையும் அத்தோட நின்னுரும்" என்றாள். "இதத்தான் எழுதியிருந்தேன்."

பூபாலன் அடுத்த நம்பரைத் தேடினார். பிறகு அதற்கடுத்தது. ஒருவர் இடுப்பைப் பற்றிச் சொன்னார். ஒருவர் தன் மகளின் காலைப் பற்றிச் சொன்னார். ஒரு கிழவர் டிரைவர் நல்ல மனிதர், ஆனால் பாட்டை அலற விடுகிறார் என்றார். அதையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கீழே பைக் சண்டை எப்போது ஓய்ந்தது என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் இருவருமாக டேட்டாபேஸைச் சரி செய்தார்கள். சரி செய்தது பூபாலன். ரிஸ்வானா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள்.

முடிந்ததும் பெட்டியைத் திறந்து, நிதானமாகத் தமிழில் தட்டினார். வணக்கம், என் பேரு பூபாலன், நான் எழுதுறது தெரியுதா?

மறுபக்கம் வரி அப்படியே வந்து நின்றது, ஒரு கொம்புகூடக் குறையாமல். கடைசியில் இருந்த ஒரே ஒரு கேள்விக்குறி அவர் போட்டது.

பூபாலன் வாய்விட்டுச் சிரித்தார். ரிஸ்வானா பாதிக் கடலையை அவர் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பே மையத்துக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெட்டியைக் கெடுத்தது தான்தான் என்பதை முதலில் சொன்னார். போனில் கேட்டு எழுதியதைச் செயலாளர் முன்னால் வைத்தார்.

சந்திரகாந்தன் ஒன்று விடாமல் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூபாலன், நீங்க நல்லவரு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா போன்ல பேசினதை நீங்களே எழுதிக் கொண்டாந்தா, அது ஜனங்க கருத்தா, உங்க கருத்தா? கமிட்டியில கேட்டா நான் என்ன சொல்ல?"

கேட்டது நியாயம்தான். பூபாலனிடம் விளக்கம் இருந்தது. டேட்டாபேஸ் எப்படிக் கட்டப்பட்டது, தமிழ் எழுத்து அதில் ஏன் நிற்கவில்லை, எண் மட்டும் ஏன் தப்பியது, எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வெளியே கமிட்டி ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவர் விளக்கத்தை விழுங்கிவிட்டார். தன் போனை எடுத்து ஜெபமாலையின் நம்பரை அழுத்தி, மணி அடிக்கும்போதே அதைச் செயலாளர் கையில் வைத்தார். வைத்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

"ஹலோ" என்றார் சந்திரகாந்தன். "நான் மையத்துச் செயலாளர் பேசுறேன்." அதன்பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

பூபாலன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் விறைப்பாக இருந்தது. நடுவில் புருவம் ஏறியது. சட்டைப் பித்தான் விஷயம் வந்ததோ என்னவோ, ஓரிடத்தில் உதடு பிரிந்தது. கூட்டத்துக்குக் கூப்பிடக் கதவைத் திறந்தவரை, இருங்கள் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"திங்கக்கிழமை வேன் வரும்மா" என்றார். "எப்பவும் போல வரும். நான் சொல்லிட்டேன்ல."

பூபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காதபோது துடைத்துக்கொண்டார்.

சந்திரகாந்தன் போனை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வேன்ல ஏதாச்சும் குறை இருக்கா? இருந்தா தயங்காம சொல்லும்மா."

அந்தப் பக்கம் தயங்கினாள். பிறகு வந்த குரல் சுவரோரம் வரை கேட்டது.

"இத நான் எழுதல. நீங்க கேக்குறதால சொல்றேன். ஏறுற படிதான் ரொம்ப ஒசரம். மீன் கூடையத் தூக்குற மாதிரி ரெண்டு பேரு அவுகளத் தூக்கி உள்ள வைக்கிறாக. அவுக வெளிய சொல்ல மாட்டாக. வெக்கப்படுறாக."

செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு கையில் போனைப் பிடித்தபடி குனிந்து, மறு கையைத் தன் முழங்காலுக்கு நேராகத் தட்டையாக நீட்டி, அவள் அதைப் பார்க்க முடியும் என்பதுபோலக் காட்டினார்.

"படி இவ்வளவு இருக்குமாம்மா?"